டெகால் வெள்ளையாகத் தெரிந்தால் டெகாலைத் திட்டாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்டார் டிரெக் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலம், போலார் லைட்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட், 1/1000 அளவு, அதாவது நிஜத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாகங்களை ஒட்டி, கேனில் வரும் சாம்பல் நிற மேட் (பளபளப்பில்லாத) ஸ்ப்ரே அடித்து, அது காய்ந்ததும் டெகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம், போட்டிருக்கிறார். மறுநாள் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளி பூசியது மாதிரி மினுமினுப்பு. கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின் மேல் வளைந்து வரும் பெயர் ஓரத்தில் சுருங்கியும் போயிருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, அடுத்த கப்பலுக்கு என்ன மாற்ற வேண்டும், கப்பல் முழுக்கச் சின்னக் கட்டங்களைக் காட்ட அஸ்டெக் டெகால் என்று தனியாக ஒரு ஷீட் விற்கிறார்களே, அதை இந்தக் கப்பலுக்கு வாங்கலாமா? இவைதான் அவர் கேள்விகள்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். மினுமினுப்பைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சுருங்கிய பெயர்தான் சந்தேகம். அஸ்டெக் ஷீட் இந்தக் கப்பலுக்கு வேண்டாம். இதற்கு மேல் சொல்லப்போவதில் பெரும்பகுதி அடுத்த கப்பலுக்கானது. டெகாலைத் தண்ணீரில் போடும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் உட்கார்ந்து செய்தால் அந்த முக்கால்வாசியில் பாதி வானிலையின் கையில்.

மினுமினுப்பு ஏன் வருகிறது? டெகாலில் அடியில் காகிதம், நடுவில் தண்ணீரில் இளகும் பசை, மேலே நிறமில்லாத மெல்லிய படலம். மை அந்தப் படலத்தோடுதான் இருக்கிறது. மேட் பெயிண்ட் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே மேடு பள்ளம். வெளிச்சத்தைச் சிதறடித்து மேட் தோற்றத்தைத் தருவதே அந்த மேடு பள்ளம்தான். அதன் மேல் படலத்தைப் போர்த்தினால் அது மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காரும். பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைத்தான் நீங்கள் வெள்ளையாகப் பார்க்கிறீர்கள். ஆகவே டெகால் ஷீட் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு விலை உயர்ந்த ஷீட்டாக இருந்தாலும் மேட் பரப்பில் இப்படித்தான் ஆகும்.

போர் விமான மாடலில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். காக்பிட்டில் பைலட் இருப்பார், கீழே சக்கரம் இருக்கும், பார்ப்பவர் கண் அளவைப் பிடித்துக்கொள்ளும். விண்கலத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எண்டர்பிரைஸ் கதைப்படி 289 மீட்டர் நீளம், அதன் தட்டு 127 மீட்டர் அகலம். உங்கள் மேஜையில் இருப்பது 29 சென்டிமீட்டர் பிளாஸ்டிக். அதைப் பிரம்மாண்டம் என்று நம்ப வைப்பவை ஜன்னல் புள்ளிகளும் எழுத்துகளும் மட்டும்தான். படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், 1/1000 அளவில் அது 1 சென்டிமீட்டர் உயரத் திட்டு. ஓரம் கண்ணில் பட்டால் கப்பல் உடனே பொம்மையாகிவிடும்.

இதே கணக்கால்தான் ஸ்டார் டிரெக் கப்பல்களில் பேனல் லைன், அதாவது தகடுகள் சேரும் இடத்துக் கோடு, கீறுவது எனக்குப் பிடிக்காது. கால் மில்லிமீட்டர் கீறல் என்றால் நிஜத்தில் 25 சென்டிமீட்டர் வாய்க்கால். அந்தக் கப்பலில் யார் வாய்க்கால் வெட்டினார்கள்? 1960களில் படப்பிடிப்புக்காகச் செய்த சுமார் 3.4 மீட்டர் நீள அசல் மாடலிலேயே தட்டின் கோடுகள் வெறும் பென்சில் கோடுகள்தான். அந்த மாடல் 1974இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2016இல் புதுப்பித்து முடித்தபோதும் தட்டின் மேற்புறத்துப் பழைய பெயிண்டை அப்படியே விட்டிருந்தார்கள். அந்த மாடலின் இடது பக்கத்தில் பெரிதாக வேலைப்பாடு கிடையாது. விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கமாக வெளியே வந்ததால் வலது பக்கத்தைத்தான் படம் எடுத்தார்கள். அலமாரியில் ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி வைப்பவர்கள் இதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

சரி, கையில் இருக்கும் கப்பலுக்கு வருவோம். டெகாலுக்கு மேல் மேட் கோட் (பளபளப்பில்லாத மேற்பூச்சு) அடித்துவிட்டீர்களா என்று சொல்லவில்லை. அடிக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. டெகால் படலத்தை இளக்கும் திரவமான சாஃப்டர் வேண்டும். மைக்ரோ சால் அல்லது மிஸ்டர் மார்க் சாஃப்டர், ஏதாவது ஒன்று வாங்குங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் மெல்லிய ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள், மையிட்ட இடத்தில் வேண்டாம். அதன் மேல் ஒரு துளி விடுங்கள். துளை வழியாகத் திரவம் உள்ளே இறங்கிக் காற்றை வெளியே தள்ளும், படலமும் இளகிப் பள்ளங்களுக்குள் படியும். இளகும்போது டெகால் நெளிந்து, கெட்டுப்போனது போலவே தோன்றும். அந்த நேரத்தில் விரல் வைத்தால் உண்மையாகவே கெட்டுப்போகும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். காய்ந்தபின் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. மேலே ஏற்கனவே கோட் அடித்திருந்தால் திரவம் உள்ளே போகாது, வீணாக மெனக்கெட வேண்டாம்.

சுருங்கிய பெயரில் மடிப்பு படலத்தோடு ஒட்டிப்போய்விட்டதா என்று பாருங்கள். மடிப்பு மேலே தூக்கிக்கொண்டு நின்றால், புது பிளேடால் மடிப்பின் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுச் சாஃப்டர் தடவினால் இரண்டு ஓரங்களும் படியக்கூடும். உள்ளே மடிந்து ஒட்டியிருந்தால் அதோடு போராடாதீர்கள். மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்து எடுத்துவிட்டு, 1500 நம்பர் உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்து, வேறு பெயர் போட்டுவிடுங்கள். ஷீட்டில் அதே வகைக் கப்பல்கள் பலவற்றின் பெயர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நல்ல பெயரைத் தேர்ந்தெடுத்தால் அது எண்டர்பிரைஸ் இல்லை, அதன் சகோதரக் கப்பல். மற்ற இடங்களில் ஏற்கனவே எண்களை ஒட்டியிருந்தால் அவற்றையும் மாற்ற மறக்காதீர்கள். ஒரே கப்பலுக்கு இரண்டு பதிவு எண் கூடாது.

இப்போது அடுத்த கப்பல். ஸ்டார் டிரெக் கலங்களில் நீளமான உருளைகளும் பெரிய தட்டும் இருப்பதால், இரண்டு பாதிகள் சேரும் இடத்துக் கோடு எங்கும் ஒளிய முடியாது. கிட் அழுத்தி மாட்டும் வகையாக இருந்தாலும் நான் ஒட்டத்தான் சொல்வேன். தாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி நீர்த்த சிமெண்ட்டை இணைப்பில் ஓடவிட்டு அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாகப் பிதுங்கும். பிதுங்கினால்தான் நல்லது, அதுவே இடைவெளியை அடைத்துவிடும். ஒரு நாளாவது விட்டுவிட்டு 400, 600, 1000 என்று தேய்த்துக்கொண்டே போகலாம். அதற்கு ஹாபி கடைத் தாளே வேண்டும் என்பதில்லை. கார் பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் 2000 நம்பர் வரை கிடைக்கும்.

கருவிகளுக்குச் சேலத்துக்காரர்களைப் போல அதிர்ஷ்டசாலிகள் கிடையாது என்று அடிக்கடி நினைப்பேன். கொலுசு செய்யும் ஊர். செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நுண் அரம், கூரிய சாமணம், கையால் சுழற்றும் சின்ன துரப்பணம், கண்ணில் மாட்டும் லென்ஸ் எல்லாம் உண்டு. ஆசாரிமார் தினமும் புழங்கும் சாமான், சீக்கிரத்தில் மழுங்காது. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். சாமணம் மட்டும் நுனி மழுக்கலானதாக ஒன்று கூடவே வாங்குங்கள், டெகாலைப் பிடிக்கக் கூர் நுனி ஆகாது.

பெயிண்ட் அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவிய பிறகு கையுறை போடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கப்பலைத் தொட்டால், அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் வட்டம் வட்டமாக விலகும். காசை மிச்சம் பிடிக்க நம் ஊரில் கார் டச்சப் ஸ்ப்ரே வாங்குபவர்கள் அதிகம். வாங்கலாம், ஆனால் அதில் இருக்கும் தின்னர் மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஒரே தடவையில் நனைய நனைய அடித்தால் ஜன்னல் ஓரங்களெல்லாம் உருகிப்போகும். தூரத்திலிருந்து தூசி தூவுவதுபோல இரண்டு மூன்று தடவை அடித்து, அது பிடித்த பிறகே கனமாக அடிக்க வேண்டும். தனியாக விற்கும் என்.சி. தின்னரை வெறும் பிளாஸ்டிக் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

நிறம் காய்ந்ததும் கிளாஸ் கோட், அதாவது கிளியர் எனும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். தாமியா எக்ஸ்-22 அல்லது எந்த நல்ல கிளியராக இருந்தாலும் சரி, கப்பல் ஈரமாக இருப்பதுபோலப் பளபளக்க வேண்டும். மேட் பரப்பின் பள்ளங்களை அது நிரப்பிவிடும், டெகாலுக்கு அடியில் காற்று தங்க இடம் இருக்காது. பிறகு இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். அவசரப்பட்டால் சாஃப்டர் கிளியரையே இளக்கிவிடும்.

இங்கேதான் மலை குறுக்கே வருகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிடும். லாக்கர் (சீக்கிரம் உலரும் தின்னர் கலந்த) பெயிண்டோ கிளியரோ அடித்ததும் அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகி, அந்தப் பரப்பைக் குளிரவைக்கிறது. சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் குளிர்ந்த பரப்பில் நீர் படியும். அந்த நீர் பெயிண்டுக்குள் சிக்கிக் கப்பல் முழுக்கச் சாம்பல் படிந்தாற்போல வெளுத்துவிடும். மேட் கோட்டிலும் இதே கதைதான். அதனால் மலையில் மாடல் செய்பவர் முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு ஸ்ப்ரே வேண்டாம், தேய்க்கிற வேலையைப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வெயில் ஏறிய பின் 11 மணி வாக்கில் அடிப்பது உத்தமம். ஏர்பிரஷ் இருந்தால் ரிட்டார்டர் கலந்த தின்னர் உதவும். அது ஆவியாவதைத் தாமதப்படுத்தும், பரப்பு அவ்வளவாகக் குளிராது. கம்ப்ரஸருக்கு, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறி கட்டாயம். ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்தால் தூறல் சீராக வரும். அடுப்பு மேலெல்லாம் வைத்துவிடாதீர்கள்.

கீழே சேலத்தில் எங்கள் பாடு நேரெதிர். ஏப்ரல், மே மாத மதியத்தில் பெயிண்ட் கப்பலைத் தொடும் முன்பே காற்றில் பாதி காய்ந்துவிடும். தூளாக விழும், பரப்பு சொரசொரப்பாகும். கிளாஸ் கோட்டே இப்படி விழுந்தால் அது பேருக்குத்தான் கிளாஸ், அதன் மேல் போடும் டெகாலும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் வெயில் காலத்தில் நான் அதிகாலையில்தான் அடிக்கிறேன், ஃபேனை நிறுத்திவிட்டு. டெகாலும் மதியம் போட்டால் தண்ணீர் உடனே உலர்ந்து, நகர்த்தி நேராக்க அவகாசம் கிடைக்காது. அந்த வகையில் உங்கள் மலைக் குளிர் ஒரு வரம். டெகால் நிதானமாகக் காயும், நிதானமாகக் காய்ந்தால் நன்றாகப் படியும். இரண்டும் வாய்க்க வேண்டுமென்றால் கீழே பெயிண்ட் அடித்து மேலே டெகால் போட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவில் எண்டர்பிரைஸின் ஒல்லி எஞ்சின் தூண்கள் தாங்குமா என்பது வேறு விஷயம். அப்படிக் கொண்டு போகிறவர்கள் எஞ்சின்களைக் கடைசிவரை ஒட்டாமல் தனியாகச் சுற்றி எடுத்துப் போவது நல்லது.

டெகால் ஷீட்டுக்கும் ஈரம் ஆகாது. பசை பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச் மாவைச் சிறிது அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் கிடைப்பது அது. மரவள்ளியிலிருந்தும் எடுக்கலாம். ஜவ்வரிசி ஆலை நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு ஜப்பான் ஷீட்டின் பசையைப் பார்த்து வியப்பது வேடிக்கைதான். மழைக்காலத்து ஈரக்காற்றிலேயே இந்தப் பசை இளகி, ஷீட் மேல்தாளோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியைப் பிரித்த அன்றே ஷீட்டை ஜிப் கவரில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு, தட்டையாகப் புத்தகத்துக்கு நடுவே வைத்துவிடுங்கள்.

போடும் முறையில் எல்லோரும் சொல்வதைத் திரும்பச் சொல்லவில்லை, சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன். போர் தண்ணீர் வேண்டாம். உலர்ந்ததும் உப்பு வட்டம் விடும், அது டெகாலுக்கு அடியில் விட்டால் துடைக்கவும் முடியாது. பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினால் பல கப்பலுக்கு வரும். டெகாலைத் தண்ணீரில் ஊறப் போட்டு மறந்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும், எடுத்து டிஷ்யூ மேல் வையுங்கள், தானே இளகும். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய், பிறகு ஓரம் தூக்கும். வெட்டும்போது எழுத்தை ஒட்டியே வெட்டுங்கள். வெற்றுப் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஓரம் குறையும்.

ஒட்டும் இடத்தில் முதலில் மைக்ரோ செட் எனும் ஒட்ட உதவும் திரவத்தைத் தடவுங்கள். அதில் வினிகர் வாசனை வரும், அசிட்டிக் அமிலம்தான். அது கிடைக்காத அன்றைக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டும் ஒப்பேற்றலாம். ஆனால் சாஃப்டருக்குப் பதிலாக வினிகர் வேலை செய்யாது. டெகாலைக் காகிதத்திலிருந்து தள்ளி இடத்தில் விட்டு, ஈர பிரஷ்ஷால் நேராக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. பிறகுதான் சாஃப்டர்.

தட்டின் மேல் வரும் வளைந்த பெயர்தான் சோதனை. தட்டையான படலம், பரப்போ இரண்டு பக்கமும் வளைந்தது. உபரியான படலம் எங்காவது சுருங்கித்தான் ஆக வேண்டும். அதனால் அதைத் துண்டாக்குங்கள். பெயர் ஒரு துண்டு, பதிவு எண் ஒரு துண்டு. எழுத்துகளுக்கு இடையே வெளி ஓரத்திலிருந்து உள்ளே பாதி வரை ஒரு வெட்டு போட்டால் படலம் விசிறிபோல விரிந்து வளைவுக்கு இணங்கும். தட்டின் நடு அச்சு எது என்று மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் வைத்தால் பெயர் கட்டாயம் ஒரு பக்கம் சாயும், போட்ட அன்று தெரியாது, போட்டோவில் தெரியும்.

எல்லாம் காய்ந்ததும் சுற்றிலும் கசிந்த பசையை ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள், விட்டால் நாளாக நாளாகப் பழுப்பேறும். அதன் மேல் இன்னொரு கிளாஸ் கோட், படல ஓரம் அதில் புதைந்துவிடும். கடைசியாக மேட் அல்லது செமி கிளாஸ் (பாதிப் பளபளப்பு). என் விருப்பம் செமி கிளாஸ்தான். முழு மேட் அடித்தால் கப்பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, எல்லா விண்கலத்துக்கும் டெகால் அவசியம் என்று நினைக்காதீர்கள். ஸ்டார் வார்ஸ் கலங்கள் வேறு ஜாதி. 1977 படத்துக்கு மாடல் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்கி, விமான கிட்களை உடைத்து அந்தப் பாகங்களைக் கப்பல் முழுக்க ஒட்டினார்கள், அதனால் பரப்பே கரடுமுரடு. பண்டாய் கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் கிட்களில் ஸ்டிக்கரும் டெகாலும் இரண்டுமே வரும். ஸ்டிக்கரைத் தொடவே வேண்டாம், அதன் தடிமன் அசிங்கமாகத் தெரியும். அந்தப் படத்தின் போர்க்கலமான எக்ஸ்-விங்கின் சிவப்புப் பட்டைகளை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயிண்டிலேயே போட்டுவிடலாம், உரிந்த இடங்களை நம் இஷ்டத்துக்குக் காட்டலாம். சின்னச் சின்னக் குறிகளுக்கு மட்டும் டெகால். ஆனால் ஸ்டார் டிரெக்கில் எழுத்தைப் பெயிண்டில் எழுத நமக்குக் கை வராது, டெகால்தான் கதி.

கடைசியாக அஸ்டெக். 1979இல் வந்த முதல் ஸ்டார் டிரெக் திரைப்படத்துக்காகக் கப்பலை மாற்றி வடிவமைத்தபோது, அதன் பெரிய மாடலில் முத்துப்போல மினுங்கும் பெயிண்டில் நூற்றுக்கணக்கான சின்னக் கட்டங்களை வரைந்தார்கள். வெளிச்சம் படும் கோணத்தைப் பொறுத்து அவை தெரியும், மறையும். அந்தக் கட்டங்களைத்தான் அஸ்டெக் ஷீட் டெகாலாகத் தருகிறது. உங்களிடம் இருப்பது 1960களின் தொலைக்காட்சிக் கப்பல், அதற்கு அந்தத் தோற்றமே கிடையாது, போட்டால் தப்பு. திரைப்படக் கப்பலின் கிட் வாங்கும் நாளில் வாங்குங்கள். அப்போதும் கப்பல் முழுவதையும் படலத்தால் போர்த்த வேண்டியிருக்கும், ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு இடைவெளி இல்லாமலும் ஏறாமலும் சேர வேண்டும். அடியில் இருக்கும் கிளாஸ் கோட்டில் ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஷீட் விலையை விசாரித்துவிட்டு வந்து, அதில் பாதிக்கு மீட்டரும் சாஃப்டரும் ஒரு கேன் கிளியரும் இப்போதே வாங்குங்கள். மிச்சமிருக்கும் பெயர் டெகால்களை ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில் கிளியர் அடித்துப் போட்டுப் பாருங்கள். மூடியில் வெள்ளை தெரியாத அன்றைக்குக் கப்பலைத் தொடலாம்.